மாட்டுக்கு வந்த பொடி

ரப்பர் விலை விழுந்து, மலாயாவின் பாலோ ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களைக் கூட்டங்கூட்டமாக இந்தியாவுக்கே திருப்பிக் கப்பலேற்றிய முப்பத்தொன்றாம் வருஷத்தில் காளியப்பன் தப்பியது துரையின் நாக்கு ருசியால்தான். துரைக்கு ஆட்டிறைச்சி வேண்டும். அவர் வாங்கிவிட்ட செம்மறிகளை மேய்க்க ஆள் வேண்டும். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் போனார்கள், மேய்க்கிறவன் இருந்தான். ஆடு இருக்கும்வரை நீயும் இருக்கலாம் என்று துரையே சொல்லிவிட்டார்.

ஊருக்குப் போனால் பழையபடி பண்ணையார் வாசலில் கைகட்டி நிற்க வேண்டும். அங்கிருந்து ஓடிவந்தவன் அவன். மனைவி செல்லமோ இந்தத் தோட்டத்துக் கூலி லயத்திலேயே பிறந்தவள், அவளுக்கு ஊர் என்று ஒன்றே கிடையாது.

ஆனால் ஆடுகள் தேறவில்லை. ரப்பர் மரத்தடிப் புல்லில் சத்து ஏது? மண்ணை நக்கின, பட்டையைக் கடித்தன. ஓயாத கழிச்சல், அசைபோடுவதே நின்றுபோயிற்று. துரை வீட்டுப் பசுக்களுக்கு மட்டும் சிங்கப்பூரிலிருந்து தாதுப்பொடி வந்தது. உப்பும் எலும்புத்தூளும், நடுநடுவே நீல மணிகளும். ஸ்டோர் சாவி, ஆபீஸ் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி கந்தப்புவிடம் இருந்தது.

“ஐயா, மாட்டுப் பொடியில கொஞ்சம் ஆட்டுக்கும் குடுங்களேன். வயிறு சரியாவும்.”

“மாட்டுக்கு நல்லதெண்டா ஆட்டுக்குக் கெட்டதே? கொண்டு போ.” கிராணி துரையிடம் கேட்காமலே அள்ளிக் கொடுத்தார்.

தவிட்டில் கலந்து வைத்தான். கழிச்சல் நின்றது, புழுக்கை உருண்டையாக விழுந்தது, ஆடுகள் நிழலில் படுத்து அசைபோட்டன. அதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கே சோறு இறங்கியது. துரை தோளில் தட்டினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நல்லது என்று தெரிந்ததை யார் நிறுத்துகிறார்கள்? மாதக்கணக்கில் வைத்தான்.

அந்த நீல மணி மயில்துத்தம், செம்புச் சத்து. மாட்டுக்குத் தாங்கும் அளவு செம்மறிக்குத் தாங்காது. ஈரலில் சிறுகச் சிறுகச் சேர்ந்து திடீரென்று கொல்லும். இதை அவனுக்கு யார் சொன்னார்கள்? அடைமழை பிடித்த வாரத்தில் ஆடுகளின் கண் மஞ்சளானது, மூத்திரம் காப்பி நிறத்தில் போயிற்று. மந்தையே செத்து விழுந்தது. மாட்டு டாக்டர் வந்து பார்த்து, பொடிதான் எமன் என்றார்.

துரை இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு இங்கிலீஷில் கத்தினார். கிராணி அதைவிட நீளமான இங்கிலீஷில் பதில் சொன்னார். நடுவில் காளியப்பன் பக்கம் கையைக் காட்டினார். தனக்காகப் பரிந்து பேசுகிறார் என்று அந்த அப்பாவி நம்பினான், நெஞ்சு நிறைந்து கும்பிடக்கூடச் செய்தான். துரை திரும்பி அவனிடம் ஏதோ கேட்டார்.

“யெஸ் தொரை,” என்றான். தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து துரை எது கேட்டாலும் அவன் சொல்லும் பதில் அதுதான்.

மறுநாளே லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மூட்டை முடிச்சோடு ரயிலடிக்கு நடக்கையில், கூடவந்த கங்காணி அய்யாவு கேட்டான்:

“ஏம்ப்பா, ஸ்டோர்ல பொடியத் திருடுனது நான்தான்னு தொரைகிட்ட நீயே ஒத்துக்கிட்டியாமே?”

செல்லம் நின்றுவிட்டாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.