பத்தியில் சரி, வீட்டில் தவறு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதி உடைக் கம்பெனியின் கேன்டீனில் வாரத்துக்கு மூன்று நாள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். ஷிஃப்ட் முடிந்து ஐந்தரைக்கு வகுப்பு. மேசையெல்லாம் மத்தியான சாம்பார் வாசனை. தையல்காரர்கள் சூப்பர்வைசர் ஆக வேண்டுமானால் வெளிநாட்டுக் கடிதங்களைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு பரீட்சை: ஓர் ஆங்கிலப் பத்தி, அதன்கீழ் பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றும் சரியா தவறா என்று எழுத வேண்டும். மூன்று தடவைதான் எழுதலாம், மூன்றிலும் கோட்டைவிட்டால் கடைசிவரை இருக்கிற வேலைதான் என்பது மானேஜர் போட்ட சட்டம்.

என் வகுப்பில் இருந்த ஓர் அக்கா ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டைவிட்டிருந்தார். செக்கிங் மேசையில் வேலை. சட்டையில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும், ஏன் திருப்பி அனுப்புகிறேன் என்று ஒரு சீட்டில் எழுதிக் குத்தி அனுப்பிவிடுவார். ஆங்கிலம் தெரியாமல் தோற்றவர் இல்லை. முதல் தடவை வந்த பத்தியில் பசு சாதுவான பிராணி என்று இருந்ததாம். அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு பசு அவரைத் துரத்தியிருக்கிறது. அதனால் தவறு என்று போட்டுவிட்டு வந்திருக்கிறார். மற்றக் கேள்விகளும், இரண்டாம் தடவையும் இதே கதைதான்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. மூக்குக்கு மேல் கோபம். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, முதலில் வேகமாகக் கண்ணை ஓட்டிச் சாரத்தைச் சொல்லுங்கள், பிறகு விவரத்தைத் தேடுங்கள் என்று ஆரம்பித்தேன். அதற்கு நான் தேர்ந்தெடுத்த பத்தி, ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசங்கள் பற்றியது. ஒரு கைடிலிருந்து ஜெராக்ஸ் எடுத்தது. ஆண்கள் வழி கேட்க வெட்கப்படுவார்கள், பெண்கள் அதிகம் பேசுவார்கள், இயந்திரம் என்றால் ஆண்களுக்குக் கைவந்த கலை, இப்படிப் போகும். யாரையும் நோகடிக்காத பத்தி என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கட்டிங் பிரிவுக்காரர் ஒருவர் கண்ணை ஓட்டிய வேகத்தில் சாரத்தைச் சொல்லிவிட்டார். பெண்கள் பேசுகிறார்கள், ஆண்கள் வழி தவறுகிறார்கள். அதற்கு மேல் நானே சொல்லியிருக்க முடியாது.

அக்காவின் தாளை வாங்கிப் பார்த்தேன். பத்தும் தவறு என்று இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழில் காரணம் வேறு. வழி கேட்க வெட்கம் என்பது தவறு. எங்கள் வீட்டுக்காரர் ஆவடியிலிருந்து திருவேற்காடு கோயிலுக்குப் போக நாலு இடத்தில் வண்டியை நிறுத்தி வழி கேட்பார், கல்யாணம் ஆனதிலிருந்து அதே கோயில்தான். இயந்திரம் கைவந்த கலை என்பதும் தவறு. மிக்ஸியைப் பிரித்துப் போட்டவர் அவர், பூட்டியது நான்.

அந்த வீட்டுக்காரர் அங்கேயேதான் இருந்தார். ஆவடியில் சர்க்கார் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. மனைவியைக் கூட்டிப்போக ஸ்கூட்டரில் வருபவர், வகுப்பு முடியும்வரை கடைசி மேசையில் உட்கார்ந்திருப்பார். பெண்கள் அதிகம் பேசுவார்கள் என்பதும் தவறு என்று அக்கா போட்டிருந்ததை நான் வாசித்ததும் எழுந்து நின்றார். தான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை என்பதைக் கால் மணி நேரம் விளக்கினார்.

அதோடு வகுப்பு பஞ்சாயத்தாகிவிட்டது. ஆளாளுக்குத் தங்கள் வீட்டு வண்டவாளத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். பத்தியை எழுதியவனுக்குக் கல்யாணமே ஆகியிருக்காது என்று ஒரு பெண் தீர்ப்புச் சொன்னார். அடுத்த வகுப்புக்கு இன்னொருத்தி தன் நாத்தனாரைச் சாட்சிக்கு அழைத்து வந்தாள். நாத்தனார் அண்ணன் பக்கம் சாய்ந்துவிட்டார்.

பத்தி சொல்வது உண்மையா என்பது கேள்வி இல்லை, பத்தியில் அப்படி இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்று அக்காவிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். அவர் அசையவில்லை.

"இன்னா மிஸ், எவனோ எழுதிட்டான்னு நானும் கரெக்டுன்னு போடறதா? நாளைக்கு யார்னா கேட்டா இன்னா சொல்றது? பேப்பர்ல என் பேருல்ல கீது?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. மேசையில் ஓங்கித் தட்டினேன். ஒரு டம்ளர் உருண்டு ஓடியது.

"உங்க வீட்டுக் கதையை யாரும் கேக்கலை அக்கா. பத்தியில இருக்கறதை மட்டும் எழுதுங்க. உங்க அபிப்பிராயம் ஒரு வார்த்தை வரக் கூடாது."

அக்கா உருண்ட டம்ளரை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: சட்டையின் கை குட்டையாக இருக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து புகார்க் கடிதம் வருகிறது, அதை ரிஜிஸ்டரில் ஏற்றுகிறோம், அவன் சொன்னான் என்றுதான் ஏற்றுகிறோமே தவிர நாம் ஒத்துக்கொண்டதாக இல்லை, அது மாதிரியா? அதே மாதிரிதான் என்றேன். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அன்றிலிருந்து எந்தப் பத்தி கொடுத்தாலும் பத்துக்குப் பத்து. ஒவ்வொன்றுக்கும் சரி போடும்போது, "அவன் சொல்றான்" என்று மட்டும் முணுமுணுப்பார்.

பரீட்சைக்கு, ஆச்சரியம், அதே கைடிலிருந்து அதே பத்தி வந்தது. கேள்விப்பட்டதும் வீட்டில் குதித்தேன். அக்காவுக்கு முழு மார்க்கு, சந்தேகமே இல்லை என்று நம்பினேன்.

தேறிவிட்டார், ஆனால் ஒரே ஒரு மார்க்கில்தான் தப்பியிருந்தார். வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். கணவர் ஸ்கூட்டரோடு பக்கத்தில் நின்றார். தெரிந்த பத்தியில் எப்படி இவ்வளவு குறைந்தது என்று கேட்டேன். பத்துக் கேள்விக்குக் கீழே இந்தத் தடவை புதிதாக ஒன்று இருந்ததாம். இதை நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா, உங்கள் வீட்டு அனுபவத்திலிருந்து ஐந்து வரி எழுதுங்கள். நிறைய மார்க்கு. அக்கா ஒரு வரிகூட எழுதாமல் வந்துவிட்டார்.

"ஏன்க்கா?"

"நீதானே சொன்ன, என் ஊட்டுக் கதைய யாரும் கேக்கலன்னு."

அதுவரை என்னை அவர் நீங்க என்றுதான் கூப்பிடுவார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கம்பெனியிலேயே அந்தக் கேள்விக்கு முன்பே பத்துப் பதில் எழுதி வைத்திருந்த ஒரே ஆளின் வாயை நான் அடைத்துவிட்டேன். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இப்போது சொல்லுங்கள் அக்கா, நான் கேட்கிறேன் என்றேன்.

அக்கா என்னை முறைத்தார். டிபன் பையைக் கணவர் கையில் கொடுத்து, குறுக்கே பேசாதே என்று சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். நிறையத் தப்பு. நான் ஒன்றையும் திருத்தவில்லை. என் பஸ் வந்து நின்றது, போனது. ஐந்து வரி முடிந்ததும் நிறுத்தி, போதுமா என்பதுபோல் பார்த்தார்.

இன்னும் சொல்லுங்கள் என்றேன்.