புகையாய்ப் போன படகு

ஊர் சுற்றிப் படமெடுப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது "கேமரா முக்கியமா, கை முக்கியமா?" என்று கேட்டால், முதல் ஆளாக "கைதான்" என்று பதில் போடுகிறவன் நான். போட்டுவிட்டு அடுத்த லென்ஸுக்கு விலை பார்க்கப் போய்விடுவேன். லே, ஹம்பி என்று நான் போய் எடுத்த படங்களுக்குக் கீழே "என்ன கேமரா சார்?" என்று எவனாவது கேட்டால் போதும், உச்சி குளிர்ந்துவிடும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனை வேறு யார் சார் என்று கூப்பிடுவார்கள்?

ராயபுரத்தில் எங்கள் கீழ் வீட்டு மாமா ஆயுசு முழுக்க அடுத்தவர் போட்டில் மீன் பிடித்தவர். கண்புரை ஆபரேஷன் முடிந்த கையோடு, மகனுடன் சேர்ந்து சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வாங்கினார். முகப்பில் பேத்தியின் பெயர்.

"படத்துல நானும் போட்டும் ஒண்ணா வரணும் நைனா. பேரு தெரியணும். அது போதும்," என்றார்.

பங்குச் சாமியார் காசிமேட்டில் படகை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். மாமா படகின் மேல் கை வைத்து நின்றார். பின்னணியைக் கரைத்துக் காட்டும் லென்ஸ் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தேன். அதை முழுக்கத் திறந்து சுட்டுத் தள்ளினேன். கீறல் விழுந்த போனைத் தூக்கிக்கொண்டு வந்த அவர் மருமகளிடம், "தள்ளிக்கமா, அது பேசுறதுக்கு" என்று வேறு சொன்னேன்.

பெரிய சைஸில் பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டி, மாமா தனியாக இருந்தபோது கொடுத்தேன். ஜன்னலருகே கொண்டுபோனார். கிட்டே வைத்தார், எட்டிப் பிடித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் மூஞ்சி தெர்து. போட்டு ஏன் நைனா புகையா கீது? பேரே காணோம்."

லென்ஸ் செய்த வேலை மாமா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அவர் கேட்ட ஒரே படத்தை எடுக்கத் தெரியாதவன் என்றாகிவிடும்.

"அம்மாம் பெரிய கேமராவுல தப்பு வருமா? ஆப்ரேசன் பண்ண கண்ணு மறுபடி போச்சு. போட்டுல கீற பேர நான் படிக்கலபா, மனப்பாடம். வூட்ல சொல்லாத."

"டாக்டர்கிட்ட காட்டுங்க மாமா," என்றேன். அதுவும் அக்கறையான குரலில். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

மகனிடம் மூட்டு வலி என்று சொல்லிவிட்டு அவர் கடலுக்குப் போவதை நிறுத்தினார். கண் தெரியாத ஆள் படகில் இருந்தால் மகன் உயிருக்கு ஆபத்து என்ற பயம். அந்தப் படகு அவரில்லாமல் போய்வந்தது. வேலைக்குப் போகும்போதெல்லாம், கரையில் கொட்டிய கருங்கல் மேல் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பேன். வண்டியை நிறுத்தாமல் போய்விடுவேன். இரண்டு வாரம் இப்படியே ஓட்டினேன். கோழைத்தனத்துக்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாடியேறி வந்தார். கையில் மருமகளின் போன்.

"டாக்டரு பொடி எழுத்தெல்லாம் படிக்கச் சொன்னாரு. படிச்சிட்டேன். கண்ணு ஜோரா கீதாம்!" என்று சிரித்தார். "இத பாரு."

மூலையில் மருமகளின் கட்டைவிரல் விழுந்த படம். அவர், படகு, மேலே வைத்த கை, பேத்தியின் பெயர். எல்லாம் பளிச்சென்று இருந்தன. பெயரை எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினார்.

"இதுல தெர்து. உன்னுதுல ஏன் தெரில?"

சொன்னேன். பின்னால் இருப்பதை மங்கலாக்கும் லென்ஸ் என்றும், நான்தான் வேண்டுமென்றே அப்படி எடுத்தேன் என்றும் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

"அப்போ அன்னிக்கே உனுக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கைப்பிடியைத் தொடாமலே படியிறங்கிப் போனார்.