மேற்கே பார்த்து நின்ற டிஷ்

எங்கள் வீட்டுப் பின்வளவில் பத்தடி அகலமான டிஷ் ஒன்று ஏறக்குறைய முப்பது வருடமாக மேற்கைப் பார்த்துக்கொண்டு நின்றது. எங்கள் வீடு என்று சொல்வது ஒரு பழக்கம்தான். கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். வீடு மனைவியுடையது. பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்குக் கூட்டி வருவது எங்கள் ஊர் வழக்கம். நானும் ஒரு சூட்கேசோடும் விஞ்ஞான ஆசிரியர் நியமனக் கடிதத்தோடும் அப்படி வந்து இறங்கியவன். டிஷ் எனக்கு ஆறு மாதம் முந்தியே வந்துவிட்டது.

அதைக் கொண்டு வந்தவர் என் மாமா, அதாவது மனைவியின் வாப்பா. சவூதியில் பதினொரு வருடம் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டியவர். ஊருக்குத் திரும்பியதும் தனக்கென்று அவர் செய்துகொண்ட ஒரே செலவு இந்த டிஷ். கம்பிவலையால் ஆனது, மோட்டார் பூட்டியது. உள்ளே இருந்து ஒரு பெட்டியில் பொத்தானை அழுத்தினால் பின்வளவில் ஒரு இரும்புத் தண்டு நீண்டு டிஷ்ஷைத் தள்ளும். அது கிழக்கிலிருந்து மேற்காக ஒவ்வொரு சற்றலைட்டாகத் திரும்பும். அந்த நாளில் ஊர்ச்சனம் எங்கள் வீட்டுக்கு ரீவி பார்க்க வரவில்லை, டிஷ் திரும்புவதைப் பார்க்கத்தான் வந்தது. மாமாவுக்கோ ஒரே ஒரு ஆசைதான். றமழானில் மக்காவின் தறாவீஹ் இரவுத் தொழுகையை நேரடியாகப் பார்க்க வேண்டும். கெமரா கொஞ்சம் வெளியே திரும்பினால் ஒரு சின்னத் தெருப் பக்கம் விரலை நீட்டுவார். "அந்தா, அந்த ஒழுங்கையாலதான் நான் பவுசர் ஓட்டின."

நான் மாப்பிள்ளையாக வந்ததும் அந்தப் பெட்டி என் கைக்கு வந்தது. நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் புது மாப்பிள்ளை எதையும் கேட்கத் தேவையில்லை. மீன் தலை அவனுக்கு, மின்விசிறிக்கு நேரான கதிரை அவனுக்கு. அவன் என்ன செய்தாலும் ஏன் என்று கேட்கும் நாக்கு அந்த வீட்டில் யாருக்கும் இராது. "பாருங்க மகன், பாருங்க" என்று சொல்லிவிட்டு மாமா வளவுக்குப் போய்விடுவார். நானும் வெட்கமில்லாமல் பார்த்தேன்.

ஒரு பின்னேரம் கிரிக்கட் பார்க்கும் வெறியில் மேற்குக் கோடியில் உள்ள ஒரு சற்றலைட்டைத் தேடினேன். தண்டு அதன் முடிவுக்குப் போய்விட்டது. நான் விரலை எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினால் இன்னும் போகும் என்று நினைத்தேன். பிள்ளைகளுக்கு விசையும் இயக்கமும் படிப்பித்தவன் நான். வெளியே கறகறவென்று ஒரு சத்தம், பிறகு கருகல் மணம்.

மாமா வந்து மோட்டாரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கரண்ட் கூடி வந்திட்டுப் போல மாமா" என்றேன்.

"பரவாயில்ல மகன்" என்றார். "பழைய சாமான்தானே."

அந்தப் பழைய சாமானுக்கு அப்போது வயது ஏழு மாதம்.

அவர் அதைத் திருத்தவே இல்லை. திருத்த ஆள் வந்தால் எப்படிப் பழுதானது என்று கேட்பான், பதிலில் மாப்பிள்ளையின் பெயர் வரும். அதற்குப் பயந்து மனிதர் வாயை மூடிக்கொண்டார். அந்த றமழானில் றேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் முன்னால் கதிரையில் இருந்தேன்.

மக்காவைக் காட்டும் சற்றலைட்டையும் தாண்டி, டிஷ் மேற்கே சாய்ந்தபடி சிக்கிக்கொண்டது. ஊர் அதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்தது. தொழும்போது முகம் வைக்கும் மக்காவின் திசை, கிப்லா, எங்களுக்கு மேற்குப் பக்கம். ஆகவே பவுசர்காரர் உலக ஆசைகளை விட்டு டிஷ்ஷையும் கிப்லாவுக்குத் திருப்பிவிட்டாராம். மாமா மௌத்தாகி அடக்கிய அன்றைக்குப் பள்ளிவாசலில் அதையே ஒரு சிறப்பாக எடுத்துச் சொன்னார்கள். நான் முன்வரிசையில் நின்று தலையை ஆட்டினேன். வெட்கத்தில் காது சுட்டது, ஆனாலும் ஆட்டினேன்.

பிறகு அதில் பூசணிக்கொடி ஏறியது, கோழிகள் ஏறின. கடல் ஊருக்குள் வந்த வருடத்தில்கூட அந்தச் சீமெந்துக் கட்டும் இரும்புத் தூணும் அசையவில்லை. கிப்லாவைப் பார்த்து நிற்பதை இரும்புக்காரனுக்குக் கொடுக்க மனைவிக்கும் மனம் வரவில்லை.

போன வருடம் மகளுக்குக் கலியாணம் பேசியபோதுதான் அந்த மனம் வந்தது. வீடு மகளுக்கு. நானும் மனைவியும் பின்வளவில் இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும் கட்டிக்கொண்டு ஒதுங்க வேண்டும். இதுவும் வழக்கம்தான். மேசன் வந்து நூல் பிடித்தார். டிஷ்ஷின் சீமெந்துக் கட்டு சரியாக எங்கள் புதுக் குசினியில் அடுப்பு வரும் இடத்தில் வந்து விழுந்தது.

"பேசாம வித்துத் தொலைங்க" என்றாள் மனைவி.

"அத நான் ஓட வைக்கப் போறன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பென்சன் எடுத்ததிலிருந்து நான் திருத்திய சாமான்களின் பட்டியல் அவளுக்கு மனப்பாடம். "ரெண்டு மாசம் தாறன். ஓடினா இரிக்கட்டும். ஓடாட்டி இரும்புக்காரன் வருவான்."

ஏன் இந்த வேலை என்று கேட்டவர்களிடம் பொழுதுபோக்கு என்று சொன்னேன். பொய். ஒரு மனிதரின் ஒரே ஆசையை நான் எரித்தேன், அவர் அதை விழுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. டிஷ்ஷுக்குச் செய்யலாம்.

கொடியை வெட்டி, கோழிகளை இறக்கி, கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்தேன். கிழிந்த வலைக்கு, ஜன்னலுக்கு அடிக்கிற அலுமினிய நுளம்பு வலையை வெட்டிக் கட்டினேன். டிஷ் கோணிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. விளிம்பிலிருந்து விளிம்புக்கு இரண்டு நூலைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்ட வேண்டும். நூல்கள் நடுவில் முட்டினால் சரி. மருதமுனையில் ஒரு தறிக்காரரிடம் நூல் வாங்கி வந்து கட்டினேன். நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது. மேலே நின்ற விளிம்பைக் கீழே இறக்க வேறு வழி தெரியாமல் அதில் ஏறிக் குந்தினேன். குசினி ஜன்னலில் மனைவியின் முகம் தெரிந்தது. "கோழிய இறக்கிப்போட்டு நீங்க ஏறி இரிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அது நியாயமான கேள்விதான்.

மோட்டார் தண்டு அக்கரைப்பற்றில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. இன்னொரு மாமாவின் டிஷ்ஷிலிருந்து வந்ததாயிருக்கும். மூன்று திறீவீலர் பற்றரிகளைத் தொடுத்துக் கரண்ட் கொடுத்தேன். முனகிக்கொண்டே நீண்டது. ஒரே ஒரு குறை. முடிவுக்கு வந்ததும் தானாக நிற்க வைக்கும் சுவிட்ச் அதற்குள் செத்துக் கிடந்தது. பரவாயில்லை, அழுத்துகிறவனுக்கு மூளை இருந்தால் போதும் என்று நினைத்தேன். அந்த மூளை எனக்கு வர முப்பது வருடம் எடுத்தது என்பதை அப்போது நினைக்கவில்லை.

தண்டைப் பூட்டுவதற்கு முதல் டிஷ்ஷைக் கயிற்றில் கட்டி, கையால் திருப்பிச் சற்றலைட்டைத் தேடினேன். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் பாதிச் சற்றலைட்டுகள் உச்சந்தலைக்கு மேலே இருக்கின்றன. ஆகவே டிஷ் பெரும்பாலும் தாச்சிச் சட்டி மாதிரி வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும். மக்காவைக் காட்டுவது மட்டும் தாழ மேற்கே இருக்கிறது. மூன்று நாள் தேடி அதைப் பிடித்தேன். ரீவியில் படம் வருவதற்கு முன் பக்கத்து வீட்டு ஹாஜியார் வந்துவிட்டார்.

"இவ்வளவு காலமும் கிப்லாவப் பார்த்து நிண்டது, மாஸ்டர். ஏன் திருப்பின?"

அது ஒருநாளும் கிப்லாவைப் பார்த்து நிற்கவில்லை என்றேன். கிப்லா மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே, சற்றலைட் மேற்கிலிருந்து கொஞ்சம் தெற்கே என்று ஈர்க்கில் குச்சியால் மண்ணில் கீறிக் காட்டினேன்.

ஹாஜியார் போனில் கிப்லா பார்க்கிற திசைகாட்டியை எடுத்து டிஷ்ஷுக்கு நேரே பிடித்தார். அவர் முகம் கறுத்தது. "பிழையாத்தான் நிக்கி. மக்காவக் காட்டுற டிஷ் மக்காவப் பார்க்காம வேற எதப் பார்க்கும்?"

"படம் மக்காவிலிருந்து வானத்துக்குப் போகுது ஹாஜியார். நாம வானத்திலிருந்து எடுக்கிற."

"என்னத்துக்கு அவ்வளவு சுத்து? நேரா மக்காவையே பார்த்தாக் கிட்டத்தானே."

இத்தனை வருடம் விஞ்ஞானம் படிப்பித்த நான் குச்சியைப் போட்டுவிட்டு எழும்பினேன். நான் கல்முனைக்கு நட் வாங்கப் போய்த் திரும்பிவருவதற்குள் அஸர் தொழுதுவிட்டு வந்த இரண்டு பேரைப் பிடித்து, கயிற்றை அவிழ்த்து, டிஷ்ஷைச் சரியாகக் கிப்லாவுக்குத் திருப்பிவிட்டிருந்தார். நன்மைக்காகத்தான் செய்தார். எனக்குக் கோபம்தான். நன்மைக்காகச் செய்கிறவர்களிடம் சண்டை போடவும் முடியாது. மறுபடி ஒரு நாள் முழுக்கத் தேடினேன்.

படம் வந்தது. மக்காவில் தொழுகைக்கு வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹாஜியாரையே முதலில் கூப்பிட்டேன். அவர் போனிலும் மக்காவைப் போட்டுக்கொண்டு வந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ரீவியில் றுகூவுக்குக் குனிந்து நிமிர்ந்த பிறகுதான் போனில் குனிந்தார்கள்.

"உங்கட டிஷ் முந்திப் போகுது மாஸ்டர்" என்றார் கவலையோடு. "கொஞ்சம் பிந்தி வாற மாதிரிச் செய்ய ஏலாதா?"

அவர் போன பிறகு தனியே இருந்து பார்த்தேன். கெமரா வெளியே திரும்பியது. பவுசர் போன ஒழுங்கையைத் தேடினேன். வானம் முட்டுகிற ஹோட்டல்கள்தான் நின்றன, ஒழுங்கை ஒன்றும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. மனைவி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

தண்டைப் பூட்டி முடித்து, பெட்டியின் மேல் ஒரு கடதாசி எழுதி ஒட்டினேன். டிஷ் நின்றதும் விரலை எடுக்கவும் என்று. மாப்பிள்ளை வீட்டார் வளவு பார்க்க வந்த காலை அந்தக் கடதாசியைக் காணவில்லை.

"மாப்பிள்ளைக்குப் பாடம் எழுதி ஒட்டுறதா?" என்றாள் மனைவி. "பள்ளிக்கூடமா இது?"

மாப்பிள்ளையின் வாப்பா சம்மாந்துறையில் நெல் மில் வைத்திருப்பவர். தரைக்குப் பதித்த மாபிள் கல்லை அவர் பார்க்கவில்லை, புதிதாகப் போட்ட கேற்றையும் பார்க்கவில்லை. பின்கதவால் டிஷ்ஷைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டார். "இது திரும்புமா?" நான் பொத்தானை அழுத்தினேன். உச்சியிலிருந்து மேற்குவரை அது மெல்லத் திரும்பியது. அவருடைய தலையும் கூடவே திரும்பியது.

"டிஷ் வீட்டோடதானே?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். ரெண்டு மாசத்துக்கு முன் அதை விற்றுத் தொலைக்கச் சொன்ன என் மனைவி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "ஓம், வீட்டோடதான்" என்றாள்.

அந்த வளவில் நான் என் கையால் உண்டாக்கிய ஒரே சாமானும் சீதனத்தில் போனது. எரிச்சல்தான், மறைக்கவில்லை. மேசன் நூலை மாற்றிப் பிடித்தார். எங்கள் குசினி நாலடி சுருங்கி, டிஷ்ஷின் நிழலில் வந்து நின்றது.

கலியாணம் முடிந்து மூன்றாம் வாரம், ஒரு பின்னேரம். மனைவி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே மோட்டார் ஓடத் தொடங்கியது. மேற்கே போகிறது என்று சத்தத்திலேயே தெரிந்தது. அங்கே எங்கோ ஒரு புட்போல் மெட்ச் இருக்கும். தண்டு முடிவுக்கு வந்தது. மோட்டார் நிற்கவில்லை.

எழும்பிவிட்டேன். ஓடிப்போய்ப் பெட்டியைப் பறிக்க இருபது எட்டுத்தான். மனைவி கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். புது மாப்பிள்ளையின் கையிலிருந்து எதையும் பறிக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. கறகறவென்று சத்தம் வந்தது. பிறகு அந்த மணம்.

கொஞ்ச நேரத்தில் மருமகன் எங்கள் வாசலுக்கு வந்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். அது என் முகம்தான்.

"மாமா, டிஷ் நிண்டிட்டு. கரண்ட் கூடி வந்திட்டுப் போல."

மோட்டாரை நிமிர்ந்து பார்த்தேன். மெல்லிய புகை. பிறகு அவரைப் பார்த்தேன்.

"பரவாயில்ல மகன்" என்றேன். "பழைய சாமான்தானே."

அவர் மூச்சு விட்டுக்கொண்டு போனார். நான் கதிரையில் இருந்தேன். மனைவி மறுபடி மீனை வெட்டத் தொடங்கினாள். கண்ணை மீனிலிருந்து எடுக்காமலே சொன்னாள்:

"வாப்பாவும் இப்படித்தான் சொன்ன. அண்டைக்கு நான் கதவுக்குப் பின்னாலதான் நிண்ட. அவர் வளவுக்குப் போய் அழுததையும் கண்ட."

உப்புக்கும் புளிக்கும், பிந்தி வந்ததற்கும் முந்திப் போனதற்கும் என்னை ஏசியவள், இந்த ஒன்றை முப்பது வருடமாக வாயில் எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? மூன்று வாரத்துக்கு முன்வரை இந்த வீட்டு மாப்பிள்ளை நான்தானே.