நான் சுற்றிய பாட்டு

நான் கொப்பியில் எழுதி வைத்ததை அண்ணை வாசித்ததற்காக எனக்குக் கோபம் இல்லை. வாசித்துவிட்டுப் பாட்டு எழுதினாரே, அதற்குத்தான். முப்பது வருஷம் தாண்டிவிட்டது, ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் முயற்சி செய்ததும் இல்லை. அந்தப் பாட்டை இன்றைக்கும் கலியாண வீடுகளில் பாடுகிறார்களாம். என்ன ஆழமான வரிகள் என்று யாராவது என்னிடமே வந்து சொல்லுவதும் உண்டு.

தொண்ணூறுகளின் தொடக்கம். சண்டையும் பொருளாதாரத் தடையும். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரி இல்லை, போட்டோக்கொப்பி எடுக்க வழியில்லை. உரும்பிராயில் எங்கள் வீட்டின் போட்டோக்கொப்பி மெசின் நான்தான். அண்ணை எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகக் கம்பஸில் உளவியல் படித்தார். படித்தார் என்றால், விரிவுரைக்கு ஒழுங்காய்ப் போகிற கூட்டாளியின் நோட்ஸை இரவல் வாங்கிக்கொண்டு வருவார். "தங்கச்சி, உன்ரை எழுத்துத்தான் வடிவு" என்று ஒரு புதுக் கொப்பியையும் சேர்த்து என் மடியில் போடுவார். நான் குந்தியிருந்து பார்த்தெழுதுவேன்.

அப்படித்தான் நானும் உளவியல் படித்தேன். மனிதருக்கு வெளியே காட்ட ஒரு முகம், உள்ளே காட்டாத ஒரு ஆள். அந்த ஆள் கனவில் வருவார், வாய்தவறி வருவார், மறதியில் வருவார். எனக்குள்ளே இருந்தவளை எனக்கு நல்லாய்த் தெரியும்.

அண்ணைக்கும் அவர் பாடுகிற பொப் இசைக் கோஷ்டிக்கும் அது வேறு விதமாய்த் தலைக்கு ஏறியது. அதுவரை வடையையும் கள்ளையும் கிழட்டு மாப்பிள்ளைகளையும் பகிடி பண்ணி, சனத்தை ஆடவைக்கிற பாட்டுகள்தான் போட்டார்கள். இந்த நோட்ஸ் வந்த பிறகு எல்லாருக்கும் மனசு வந்துவிட்டது. கிற்றார்காரர் கண்ணாடிக்குள் நிற்கிற இன்னொருவனைப் பற்றி எழுதினார். ட்ரம் அடிக்கிறவர் தன் நிழலோடு சண்டை பிடித்தார். திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கியிருந்த பெடியங்களில் ஒருத்தனுக்குக்கூட அந்த வருஷம் தான் ஒரே ஒரு ஆள் என்பது போதவில்லை. "பொப் பாட்டெண்டால் ஆழ்மனசிலை இருந்து வரவேணும்" என்று அண்ணை சோற்றைப் பிசைந்துகொண்டு சொல்லுவார். அவருடைய ஆழ்மனசில் என்ன கிடந்ததோ எனக்குத் தெரியாது. சாப்பிட்ட கோப்பையைக் கழுவுகிற எண்ணம் மட்டும் கிடக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் எனக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கனடா. தாய் தகப்பன் மருதனார்மடத்தில். ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். பனிக்குள் ஒரு பெரிய கோட்டு நின்றது, அதற்கு மேலே சின்னதாய் ஒரு முகம். "உனக்கு ஓமோ பிள்ளை?" என்று ஐயா கேட்டார். ஓம் என்றேன். நான் எதற்கும் ஓம் சொல்லுகிறவள். "என்ரை பிள்ளை ஒரு நாளும் மாட்டன் எண்டு சொன்னதில்லை" என்று அம்மா ஊரெல்லாம் பெருமை பேசுவா.

அன்றைக்குப் பின்னேரம் அண்ணையின் நோட்ஸ் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதினேன்: "வாய் ஓம் என்கிறது. உள்ளே ஒருத்தி சப்பாணி கட்டி இருந்துகொண்டு மாட்டன், மாட்டன் என்கிறாள்." தொடங்கினால் நிற்கவில்லை. கனடா வேண்டாம், அந்தக் கோட்டு வேண்டாம், நான் படிப்பிக்கிற பாலர் வகுப்புப் பிள்ளைகளை விட்டுப் போக எனக்கு விருப்பமில்லை என்று ஏழு பக்கம். அடுத்த நாள் அண்ணை கொப்பியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கிழித்தெடுக்க மறந்துவிட்டேன் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறதிக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று அதே கொப்பியின் முன்பக்கத்தில் என் கையாலேயே எழுதியிருந்தேன். உண்மையைச் சொன்னால், அவர் வாசிக்கவேண்டும் என்று விரும்பினேன். ஐயாவிடம் அவர் ஒரு சொல் சொன்னால் போதும். அவருடைய பேச்சை ஐயா தட்டமாட்டார்.

அடுத்த நோட்ஸ் எழுதக் கொப்பி திரும்பி வந்தபோது கடைசிப் பக்கங்களில் அங்கங்கே பென்சில் கோடு போட்டிருந்தது. வாசித்துவிட்டார்! நல்ல நேரம் பார்த்து ஐயாவிடம் கதைப்பார் என்று காத்திருந்தேன். மடைச்சி. பொருத்தம் பார்க்க ஐயாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சாத்திரியாரிடம் போனதே அவர்தான்.

ஒரு ஞாயிறு பின்னேரம் மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் நாள் குறிக்க வந்தார்கள். மண்ணெண்ணெயில் ஓடுகிற கார், ஒழுங்கை முழுக்கப் புகை. அம்மா பயத்தம் பணியாரமும், பனங்கட்டியோடு வெறும் தேத்தண்ணியும் வைத்தா. பேச்சுக் கொஞ்சம் ஓய்ந்ததும் அண்ணை ஒரு கசற்றைக் கொண்டுவந்தார். கோஷ்டிக்காரர் எங்கேயோ ஜெனரேற்றர் பிடித்து, ஒரே பகலில் பதிந்த புதுப் பாட்டாம். சைக்கிளை விறாந்தையில் கவிழ்த்து வைத்து, டைனமோவை ரயரோடு அழுத்தி, வயரை ரேப் ரெக்கோடரில் கொழுவினார். அந்த நாளில் பாட்டுக் கேட்பதென்றால் அப்படித்தான். ஒருவர் குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்றவேண்டும், மற்றவர்கள் கேட்பார்கள்.

"தங்கச்சி, நீ சுத்து. நான் இவையளுக்குப் பாட்டை விளங்கப்படுத்தவேணும்."

ஓம் என்றேன். கலியாணக் கூறைக்குப் பழகட்டும் என்று அம்மா உடுத்திவிட்ட சாறியைச் செருகிக்கொண்டு குந்தினேன். வேகமாய்ச் சுற்றினால் பாடுகிறவர் கீச்சிடுவார், மெதுவாய்ச் சுற்றினால் கன்று ஈனுகிற மாடு மாதிரி இழுப்பார். அளவாய்ச் சுற்றத் தெரிந்தவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான்.

கிற்றார் கொஞ்சம் ஓடியது. பிறகு அண்ணையின் குரல்.

"ஓம் எண்டு சொல்லுதடி வாய்,
மாட்டன் எண்டு குந்துதடி உள்ளே ஒருத்தி..."

அது என் கொப்பியின் கடைசிப் பக்கம். ஆனாலும் கை நிற்கவில்லை. எனக்குள்ளே கிடந்ததை, என்னைக் கேட்டு வந்தவர்களுக்கு, நானே சுற்றிச் சுற்றிக் கேட்பிக்கிறேன். அண்ணை துடையில் தாளம் தட்டினார். "இது உளவியல் பாட்டு, மாமி. மனுசருக்குள்ளை ஒளிஞ்சிருக்கிற ஆளைப் பற்றினது."

மாப்பிள்ளையின் தாய் பணியாரத்தைக் கையில் வைத்தபடி தலையாட்டினா. "நல்லாய்ச் சொல்லியிருக்கிறீர் தம்பி. உப்பிடி ஒருத்தி எல்லாப் பொம்பிளையளுக்குள்ளையும் இருக்கிறாள். பாவம், ஆர் அந்தப் பிள்ளை?"

"சும்மா கற்பனை" என்றார் அண்ணை.

கற்பனையாம்! உள்ளே இருக்கிறவள் உள்ளேயே இருந்து புலம்பினால் பாட்டுக்கு நல்லது. வெளியே வந்து வாய் திறந்தால்தான் குடும்பத்துக்குக் கூடாது. என் கை நின்றது. அண்ணையின் குரல் இழுபட்டு, தடித்து, அடங்கிப்போனது.

"ஏன் நிப்பாட்டினனீ? சுத்து, இன்னும் ஒரு சரணம் கிடக்கு."

"சரணத்தை நான் சொல்லுறன்." எழும்பினேன். கால் விறைத்துப்போயிருந்தது. "மாமி, அந்தப் பிள்ளை நான்தான். எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம். நான் மாட்டன்."

அந்த மனுசி பணியாரத்தைத் தட்டில் திருப்பி வைத்தா. புருசனிடம் "எழும்புங்கோ, போவம்" என்றா. கார் புகையோடு போனது. ஐயா துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கினார். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அம்மா குசினிக்குள் போய் அழுதா.

அண்ணை மட்டும் விறாந்தையில் நின்றார். சைக்கிளை நிமிர்த்தி ஸ்ராண்டில் விட்டார். பிறகு, மனம் நொந்த பெரிய மனுசன் மாதிரிச் சொன்னார்:

"விருப்பமில்லையெண்டால் எனக்கெண்டாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தங்கச்சி."

நான் ரேப் ரெக்கோடரைத் திறந்து, கசற்றை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"சொன்னனான் அண்ணை. நீங்கள் அதுக்கு மெட்டுப் போட்டியள்."