ஸ்டீரியோவுக்கு வைத்த பொட்டு

எங்கள் அடுக்ககத்தில் இருபத்துநான்கு வீடுகள். அவற்றில் ஆறு வீடுகளுக்கு எங்கள் வீட்டுப் பாட்டு கேட்கும் என்பது என் கணக்கு. மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கச் சுவருக்கு அந்தப்புறம் ஒன்று, எதிர்வாசல் ஒன்று, மூலைவாக்கில் இரண்டு. மூலைவாக்கில் இருப்பதையெல்லாம் சேர்க்கக் கூடாது என்பாள் என் மனைவி. நான் சேர்ப்பேன். புகார் வருவதாக இருந்தால் மூலையிலிருந்தும் வரும்.

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் நாங்கள் குடிவந்து ஒன்பது வருடம் ஆகிறது. மகன் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது தன் ஸ்டீரியோவை எங்களிடம் விட்டுப் போனான். முழங்கால் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். காலை ஆறரைக்குச் சமையலறைக்குள் போகும்போது மனைவி பழைய பாட்டுகளைப் போட்டுவிட்டுப் போவாள். நான் கூடத்துக்கு வந்து சத்தத்தைக் குறைப்பேன். அவள் தோசைக்கரண்டியோடு வந்து கூட்டுவாள். ஒரு காலையில் இது பதினோரு தடவை நடந்தது. குக்கர் விசிலை எண்ணுவது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. அன்று மூன்றா, நான்கா என்று தெரியாமல் போய், பருப்பு பாயசம்போல் ஆகிவிட்டது.

அவள் சேக்காட்டில் பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் ஊர்ப்பேச்சு வந்துவிடும். "நீங்க வெக்கிற சத்தத்துல, பாடறவங்க தொண்டைல இன்னாவோ அடச்சிகினாப்பல கீது" என்றாள். ஆறு வீடுகளைப் பற்றிச் சொன்னேன். அந்த ஆறு வீட்டையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாட்டுப் போடலாம் என்று பதில் வந்தது.

அந்த ஸ்டீரியோவின் சத்தம் கூட்டும் குமிழில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. சுற்றிலும் கறுப்புத் தகடு. அதில் எண்கள் கிடையாது. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பத்தொரு வருடம் நட்டும் வாஷரும் எண்ணியவன் நான். எண் போடாத பொருளோடு ஒரே வீட்டில் இருப்பது எனக்குச் சிரமம். அதனால் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். குளியலறைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த மெரூன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை அவளே எடுத்து வந்தாள். இருவரும் ஒப்புக்கொண்ட இடத்தில், தகட்டின் மேல் ஒட்டினாள். வெள்ளைக் கோடு பொட்டைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான் ஒப்பந்தம்.

இரண்டு வாரம் நிம்மதி. மூன்றாவது வாரம் ஒரு காலையில் பாட்டு கொஞ்சம் அதிகமாக இருப்பதுபோல் பட்டது. போய்ப் பார்த்தேன். கோடு பொட்டின் நேரிலேயே நின்றது. அடுத்த வாரம் இன்னும் அதிகம். அப்போதும் கோடு பொட்டில்தான். ஐந்தாவது வாரம் தபேலா அடிக்கும்போது ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. கோடு இம்மி பிசகவில்லை.

சேக்காட்டிலிருந்து ரிப்பேர்காரரை வரவழைத்தேன். திருகிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார். "செட்டு ஷோக்கா கீது நைனா. நீ உன் காத போய்க் காட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் விளையாட்டாகச் சொன்னதாக இருக்கலாம். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. என்னோடு வேலை பார்த்த ஒருவர், எல்லாச் சத்தமும் பெரிதாகக் கேட்கிறது என்று சொன்ன இரண்டே மாதத்தில், தலையில் ஏதோ கோளாறு என்று படுக்கையில் விழுந்தார். நான் மற்றச் சத்தங்களைச் சோதித்தேன். மின்விசிறி, லிஃப்ட் கதவு, தண்ணீர் மோட்டார், பால்காரரின் வண்டி. நான்கும் பழையபடியே இருந்தன. இது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். பாட்டு மட்டும் பெரிதாகக் கேட்பது தனியாக ஒரு வியாதியாக இருக்குமோ என்றுதான் தோன்றியது. ரத்த அழுத்தத்தை நாளுக்கு மூன்று தடவை பார்த்துக் காலண்டரில் பென்சிலால் குறித்தேன். காலையில் பாட்டு நேரத்தில் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. பயந்துவிடுவாள்.

ஒன்பதாவது வாரம், கீரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறிக் குமணன்சாவடியில் ஒரு காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். எழுபத்திரண்டு வயதுக்கு இந்தக் காது போதும், தலையிலும் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை என்றார் டாக்டர். பிறகு, வீட்டில் வேறு யார் அந்தப் பாட்டைக் கேட்கிறார்கள், அவர்களுக்கு அது எப்படிக் கேட்கிறது என்று விசாரித்தார். அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

கீரையோடு வீட்டுக்கு வந்தேன். மனைவி மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பால்கனி வழியாக வெயில் நேராக ஸ்டீரியோவின் மேல் விழுந்திருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். பொட்டுக்கு இடதுபுறம், கறுப்புத் தகட்டில், பசை இருந்த இடத்தில் தூசி ஒட்டிச் சின்னச் சின்ன வட்டங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஓர் அரிசி அகலம்கூட இல்லை. குமிழைச் சுற்றி வரிசையாக வளைந்து வந்து பொட்டில் முடிந்தன. எண்ணினேன். ஏழு.

ஒன்பது வாரமாக நான் பார்த்ததெல்லாம் கோடும் பொட்டும் சேர்ந்திருக்கின்றனவா என்பதைத்தான். பொட்டு அதே இடத்தில் இருக்கிறதா என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. ஸ்டோர்ஸில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

என் தலைக்கு ஒன்றுமில்லை என்று முதலில் மூச்சு விட்டேன். அப்புறம்தான் கோபம் வந்தது. அவள் துணிக்கூடையோடு உள்ளே வந்ததும், ஏழு தடவை நகர்த்தியிருக்கிறாய் என்றேன். சிரித்து மழுப்புவாள் என்று எதிர்பார்த்தேன். கூடையை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மொத ரெண்டு தபா உங்கள ஏமாத்தத்தான் நவுத்தனேன்" என்றாள். "அப்பறம் நெசமாவே கேக்கல."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க எண்ண ஆரம்பிச்சிடுவீங்க. நேத்து எவ்ளோ கேட்டுச்சி, இன்னிக்கு எவ்ளோ கேக்குதுன்னு காலண்டர்ல எய்திகினு இருப்பீங்க. எனக்கு அத பாத்துகினு இருக்க முடியாது."

அவள் பேசும்போதே மனதுக்குள் ஏழை ஒன்பது வாரத்துக்கு வகுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு என் கதையைச் சொன்னேன். காலண்டரில் ஏற்கெனவே இருக்கும் பென்சில் எண்கள், குமணன்சாவடி, காதில் வைத்த பஞ்சு. பஞ்சு என்றதும் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. "எனக்குக் காது போவுதேன்னு நான் பயந்துகினு கீறேன். இவரு பஞ்சு வெச்சி அடச்சிகினு உக்காந்துகினு கீறாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பில் வந்த கண்ணீரா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை இருவருமாகப் போனோம். பஸ் ஏறும் முன்பே என்னிடம் வாக்கு வாங்கிவிட்டாள்: எண்ணக் கூடாது. அவள் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பொத்தானை அழுத்தும்போதெல்லாம் வெளியே ஒரு சிறு விளக்கு எரிந்தது. எரியாமல் இருக்கும் நேரம் நீளமாக இருந்தது. நான் திரும்பி நின்று, தடுப்பூசி அட்டவணை ஒட்டிய சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதினைந்து நிமிடம்போல் நீண்ட நேரம் எனக்கு நினைவில்லை.

வலது காதில் குறைவு, இடது பரவாயில்லை என்றார் டாக்டர். மூன்று மாதம் பார்த்துவிட்டு, இன்னும் குறைந்தால் மெஷின் வைக்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பொட்டைப் பிய்த்துக் குளியலறைக் கண்ணாடியிலேயே மறுபடி ஒட்டினாள். இனி அவளுக்குக் கேட்கிற அளவுக்கு அவளே வைத்துக்கொள்வாள். ஆறு வீட்டிலிருந்தும் இதுவரை புகார் இல்லை. குக்கர் விசிலை அடுப்படியிலேயே நின்று எண்ணுகிறேன்.

தகட்டில் இருக்கும் பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொன்னாள். பொட்டைப் பிய்த்த இடத்தையும் சேர்த்து இப்போது எட்டு வட்டம். ஏழைத் துடைத்துவிட்டேன். எட்டாவதை விட்டுவைத்திருக்கிறேன். காலையில் அவள் பாட்டைப் போட்டுவிட்டு உள்ளே போனதும் கூடத்துக்குப் போய், கோடு எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்க்கிறேன். இன்றைக்கு எட்டாவது வட்டத்தின் நேராகவே நின்றது. நேற்றும் அங்கேதான். பார்ப்பது எண்ணுவதில் சேராது என்றுதான் நினைக்கிறேன்.