ஜீப்பின் லாக் புக்கில் ஒரு வரி

அலுவலகத்தில் என் தங்கைக்குக் கொக்கி என்று பெயர். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் பேச்சின் நடுவே ஒரு கேள்வியைப் போட்டு ஆளை மாட்டி நிறுத்திவிடுவாளாம். ஏதோ தாங்கள் கண்டுபிடித்த பெயர் என்று அங்கே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போதே நாங்கள் வைத்த பெயர் அது. அப்பாவைச் சீட்டாடக் கூப்பிட வந்தவரிடம் "அவர் ஊர்ல இல்லை" என்று அம்மா சொன்னாள். "அப்போ அப்பாவோட செருப்பு மட்டும் எப்படிம்மா இங்க இருக்கு?" என்று இவள் கேட்டாள். இன்றைக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குத் தாமதமாக வந்தால், காரணத்தை வாசலிலேயே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே வருவார்.

காவல் நிலையத்துப் பதிவேடுகளின் நகலை யாரும் மனு போட்டுக் கேட்கலாம். கேட்டும் கிடைக்காதவர்கள் புகார் கொடுக்கும் மேசை என் தங்கையுடையது. இரண்டு தரப்பையும் விசாரித்து முப்பது நாளுக்குள் தீர்த்து வைக்க வேண்டும். பதினோரு வருடமாக இந்த வேலைதான். அறையில் மூன்று நாற்காலிகள். அதில் ஆடுகிற ஒன்றில் அவளே உட்கார்ந்துகொள்வாள். எதிரே இருப்பவர் நெளிந்தால் அது நாற்காலியின் கோளாறா, பதிலின் கோளாறா என்ற சந்தேகம் வரக் கூடாதாம். நான் எட்டாவது வரைதான் படித்தேன். முடிவை எழுதியதும் பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு என்னிடம்தான் காட்டுவாள். எனக்குப் புரியாத வரியைத் திருத்தி எழுதுவாள்.

சென்ற மாதம் ஒரு பஸ் டிரைவர் வந்தார். பதினேழாம் நம்பர் வண்டி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பயணி யாரோ மறந்து விட்டுப்போன பையைக் கொடுக்கப் பத்தேகால் மணிக்குக் காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறார். திரும்பி வர நேரமாகி, பத்தரை மணி நடை தவறிவிட்டது. "எங்கேயோ படுத்துத் தூங்கிட்டு வந்து கதை சொல்றே" என்றது பஸ் கம்பெனி. நிலையத்துக்குப் போனதற்கு அத்தாட்சி காட்டாவிட்டால் திங்கட்கிழமை விசாரணையோடு வேலை போய்விடும். நிலையத்துக்கு மனு போட்டார். பொருள் பதிவேட்டில் அப்படி எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

தங்கை நிலையத்து ரைட்டரை வியாழக்கிழமை வரச் சொன்னாள். அங்கே பதிவேடுகளை எழுதுகிறவர் அவர்தான்.

"பை வந்துச்சா, இல்லையா?"

"பதிவேட்டுல இல்ல மேடம்."

"நான் பதிவேட்டைக் கேக்கல. பையைக் கேட்டேன்."

"பதிவேட்டுல இல்லாத பையைப் பத்தி நான் எப்படி மேடம் பேச முடியும்?"

விஷயம் இதுதான். பதிவேட்டில் ஏற்றிய பொருளை மாதா மாதம் எடுத்துக் கணக்குக் காட்ட வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, எது வந்தாலும் சாயங்காலம் வரை பீரோ மேல் வைத்திருப்பார் ரைட்டர். அதற்குள் உடையவர் வந்து வாங்கிப் போய்விட்டால் எழுத வேண்டியதே இல்லை. அந்தப் பையும் மத்தியானமே போய்விட்டது. இல்லாத காகிதத்தைக் கொடு என்று உத்தரவு போடத் தங்கைக்கு அதிகாரம் கிடையாது. அது ரைட்டருக்கும் தெரியும். சிரித்தபடி கும்பிட்டுவிட்டுப் போனார்.

வெளியே காத்திருந்த டிரைவரை உள்ளே கூப்பிட்டாள்.

"பையைக் குடுக்க அவ்வளவு நேரமாண்ணே?"

"ரைட்டர் உக்காரச் சொன்னாரும்மா. உக்காந்தேன்."

"சும்மாவே உக்காந்திருந்தீங்களா?"

"இல்ல. அவங்க ஜீப்பு ஸ்டார்ட் ஆகல. தள்ளச் சொன்னாங்க, தள்ளினேன்."

"இதை ஏன் மனுவுல எழுதல?"

"போலீஸ் ஜீப்பைத் தள்ளினதெல்லாம் வெளிய சொல்ற விஷயமாம்மா? மானம் போயிடாதா?"

"யாரு மானம்?"

"அதான் யோசிச்சேன்."

தங்கை ஒரு வெள்ளைத்தாளை அவர் முன்னால் நகர்த்தினாள். ஜீப்பின் ஓட்டத்தை அன்றன்று எழுதி வைக்கும் லாக் புக்கில் அந்தத் தேதிப் பக்கத்தின் நகல் வேண்டும் என்று ஒரே ஒரு வரி எழுதச் சொன்னாள். மனுவைச் சரியாக எழுத உதவுவதும் அவள் வேலைதான். சட்டத்திலேயே இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

பையை விட்டுவிட்டு ஜீப்பைக் கேட்கிறார்களே என்று நிலையத்து இன்ஸ்பெக்டருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மறுநாள் காலையிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, போனிலும் கூப்பிட்டார்.

"பாத்தீங்களா மேடம், முறையாக் கேட்டா நாங்க உடனே குடுத்துடறோம்."

"ரொம்ப நன்றி சார். உண்மை நகல்னு ஒரு சீலும் வெச்சுடுங்களேன்."

சீலும் வந்தது. அந்த ஜீப் ஓட்டுகிறவர், டயரில் கல் பட்டால்கூட எழுதி வைக்கும் ஆள். பக்கத்தின் நடுவே அவர் எழுதியிருந்தது இது: "10.25 ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி இறங்கிவிட்டது. பை ஒப்படைக்க வந்திருந்த பதினேழாம் நம்பர் பஸ் டிரைவர், ரைட்டர், காவலர் இருவர் ஆகியோர் தள்ளினர். 10.38 ஸ்டார்ட் ஆனது. ரைட்டர் சரியாகத் தள்ளவில்லை."

திங்கட்கிழமை பஸ் கம்பெனி மேனேஜர் கடைசி வாக்கியத்தை இரண்டு தரம் படித்தாராம். டிரைவர் அன்று மத்தியானமே வண்டி எடுத்தார்.

தங்கை முடிவை எழுதினாள். நிலையம் முழு ஒத்துழைப்பு அளித்தது என்று முதல் வரி. இனிமேல் எந்தப் பொருளையும் வந்த நேரத்திலேயே பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று இரண்டாவது வரி. இரண்டும் எனக்குப் புரிந்தன. திருத்தம் இல்லை.

அதைப் படித்துவிட்டு இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார்.

"ஜீப் விஷயம்னு நினைச்சுல்ல மேடம் கையெழுத்துப் போட்டேன்."

"ஜீப் விஷயம்தானே சார்?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டதாம். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறார்.

"அந்த பஸ் டிரைவர்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்ல முடியுமா? ரைட்டர் நிஜமாவே தள்ளலையான்னு. இங்க அவரும் ஜீப் டிரைவரும் முகம் குடுத்துப் பேச மாட்டேங்கறாங்க."

"ஒரு மனு போடுங்க சார்," என்றாளாம் தங்கை. "முப்பது நாள்ல பதில் வந்துடும்."