தங்கவயலில் கை நனைத்தது

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருஷத்தில் நான் ஊர் சுற்றியது மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த பிறகுதான். அல்சூர் வீட்டுக்கு யாராவது பெண் பார்க்க வந்தால், அவர்கள் படியிறங்குவதற்குள் கீழ்வீட்டுக்காரர்கள் ஜாதகம் முதற்கொண்டு விசாரிப்பார்கள். அதனால் அம்மா எல்லாவற்றையும் வெளியிலேயே வைத்துக்கொண்டாள். "தற்செயலா பாத்துக்கிட்ட மாதிரி இருக்கட்டும்" என்பாள். அப்பா இல்லாததால் நாங்கள் இரண்டு பேர்தான் கிளம்புவோம்.

ஒருவரை ஏரிக்கரைக் கோயிலில் பார்த்தோம். இன்னொருவரை ஒரு பிரம்மாண்டமான சிமெண்ட் சிவன் சிலையின் காலடியில் பார்த்தோம். அவர் என்னைவிட சிலையைத்தான் அதிகம் பார்த்தார். மூன்றாமவர் ஒயிட்ஃபீல்ட் பக்கம் விமானம் மாதிரி கட்டிய ஓட்டலுக்கு வரச்சொன்னார். ஏணி வைத்து ஏறி, சீட் பெல்ட் எல்லாம் தொட்டுப் பார்த்து, எலுமிச்சை ஜூஸ் மட்டும் குடித்துவிட்டு இறங்கினோம்.

ஜூஸோடு நின்றதற்குக் காரணம் அம்மாவின் சட்டம். பேச்சு முடிவாகும் வரை இரண்டு வீட்டாரும் கை நனைக்கக் கூடாது. காபி குடிக்கலாம், வடை கடிக்கலாம். சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்து வழக்கம் இது. பெங்களூருக்கு வந்து எத்தனையோ மாறியும் அம்மா இதை மட்டும் விடவில்லை. வந்த வரன் எல்லாம் வடையோடு போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் வந்தது தங்கவயல் வரன். பெங்களூரில் வேலை, தினம் ரயிலில் வந்து போகிறவர். அவர்களும் எங்கள் பக்கத்திலிருந்து போனவர்கள்தான், கை நனைக்கிற வழக்கம் அங்கேயும் உண்டு. அவருடைய அப்பா அங்கே மூடிப்போன தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம், இப்போது உயிரோடு இல்லை. "ஓட்டல் எதுக்கு? எங்க ஊரைச் சுத்திக் காட்டுறேனே" என்று போனில் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் நானும் அம்மாவும் போய் இறங்கினோம். அவரும் அவருடைய அம்மாவும் ஸ்டேஷனில் காருடன் நின்றிருந்தார்கள்.

"எங்க ஊர்ல தங்கத்தைத் தவிர எல்லாத்தையும் காட்டுவேன்" என்றார் மாப்பிள்ளை. நான் சிரித்துவிட்டேன். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள்.

முதலில் சுரங்கத்துக் கல்லை அரைத்து, தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய மண்மேட்டுக்குப் போனோம். சயனைடு கலந்த மண் என்பதால் செடி கொடி அதிகம் கிடையாது. அந்த மொட்டை மேட்டில் ஒரு கல்யாண ஜோடியைப் போட்டோ எடுக்கக் குதிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெண் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் குதித்தாள். பிறகு லிங்கங்களாகவே நிறைந்த கோயில். ரேஷன் கடை வரிசை மாதிரி பெரியதும் சிறியதுமாக லிங்கங்கள் நின்றன, ஒவ்வொன்றிலும் வைத்தவர் பெயர். அம்மா வெயிலில் மெதுவாக நடந்தாள். அவர் அவளுக்காக நின்று நின்று வந்தார். தண்ணீர் பாட்டிலை முதலில் எங்களிடம் நீட்டினார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

மதியம் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே நுழையும்போதே மட்டன் குழம்பு வாசனை.

"உக்காருங்க, இந்த ஊருக்கு வந்துட்டு இங்க சாப்புடாம போவக்கூடாது" என்றார் அவருடைய அம்மா.

"எங்களுக்குக் காபி போதுங்க" என்றாள் அம்மா. அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது.

எனக்குப் பசி. அது மட்டும் காரணமில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். "எனக்கு இலை போடச் சொல்லுங்க" என்று கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். சோறு வந்தது. குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

அவருடைய அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நீயும் உக்காருடா" என்று மகனை இழுத்தார்.

"வேணாம்மா. எனக்கு டீ போதும்."

"காலைலேர்ந்து ஒண்ணும் சாப்புடலையேடா."

"வேணாம்மா." இரண்டாவது தடவை சொல்லும்போது அவர் என் பக்கம் பார்க்கவில்லை. காரைத் திருப்பி நிறுத்திவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். அவருடைய அம்மா இழுத்த நாற்காலியை மெதுவாக உள்ளே தள்ளிவிட்டு, நின்றபடியே இருந்தார்.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பிடிக்கவில்லை என்றால் அந்த மொட்டை மேட்டிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கலாமே, நானும் வடையோடு வீட்டுக்குப் போயிருப்பேன். யாரும் கேட்காமலே சம்மதம் சொல்லிவிட்டு, மெஸ் முழுக்கப் பார்க்க, ஒற்றை இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்தால் அவமானம், சாப்பிட்டால் அதைவிட அவமானம். குழம்பு வேறு அவ்வளவு நன்றாக இருந்தது. எனக்கு மனசு வலித்தது.

அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். குழாயடிக்குப் போனாள். ஈரக் கையோடு வந்து, என்னை இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, இங்க இன்னொரு இலை போடுங்க" என்றாள். "எம்பொண்ணு கூட நானும் சாப்புடறேன்."

அவள் குழம்புச் சோறு சாப்பிட்டாள். நான் ரசத்துக்குச் சோறு கேட்டேன். அவளும் கேட்டாள்.